மலையில் பனி, கரையில் மழை: செப்டம்பர் புயலைப் பின்தொடர்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஓராண்டாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அண்ணன் குடும்பம் காரில் வருகிறது. அந்த வார இறுதியில் பெருமழை, பலத்த காற்று, டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு ஆப் 80 மில்லிமீட்டர் என்கிறது, இன்னொன்று 12 என்கிறது. மலையில் விழும் பனியெல்லாம் உருகி உம்கேனி ஆற்றில் வெள்ளமாக வருமா? எங்கள் வீடு ஆற்றுக்குப் பக்கம். இதை எப்படித் தொடர்ந்து கவனிப்பது?"

நேரமில்லாதவர்களுக்கு ஒரு வரியில் பதில்: உங்கள் வீட்டைப் பொறுத்தவரை பனியை மறந்துவிடுங்கள், மழையையும் தென்கிழக்குக் காற்றையும் பாருங்கள். பனி அண்ணன் ஓட்டிவரும் சாலைக்குத்தான் பிரச்சினை. மற்றவர்கள் தொடர்ந்து படிக்கலாம். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பதினெட்டு ஆண்டுகளாக மழைநீர் வடிகால் வரைந்து பிழைக்கிறவன். வானம் பார்ப்பது எனக்குப் பாதி தொழில், பாதி பைத்தியம்.

முதலில் ஒரு சொல் தகராறு. நமக்குப் பனி என்றால் மார்கழி மாதம் புல்நுனியில் நிற்பது. இங்கே வானத்திலிருந்து விழுவதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், அதனாலேயே பாதிக் குழப்பம். இந்தப் பதிலில் பனி என்று நான் சொல்வதெல்லாம் விழுகிற வெண்பனி, வீட்டில் பிள்ளைகள் ஸ்னோ என்கிறார்களே, அதுதான்.

சரி, பனி உருகினால் தண்ணீர் எங்கே போகும்? இதற்கு வரைபடத்தைத்தான் கேட்க வேண்டும். உம்கேனி ஆறு டிராக்கன்ஸ்பர்க்கில் பிறக்கவே இல்லை. நாட்டிங்ஹாம் ரோடு ஊருக்கு மேற்கே, மிட்லண்ட்ஸ் மேட்டில் உள்ள ஒரு சதுப்புநிலத்தில் ஊறிக் கிளம்புகிறது. அங்கும் சில ஆண்டுகள் பனி விழும், ஆனால் பெரிய மலைச்சுவரின் பனி அதற்குள் வர வழியே இல்லை. அது துகேலா, உம்கோமாஸ், உம்சிம்குலு ஆறுகளுக்குப் போகிறது. இன்னொரு வேடிக்கை: மலைச்சுவரின் விளிம்புதான் நீர்ப்பிரிமேடு. விளிம்புக்கு அந்தப் பக்கம், லெசோதோ மேட்டுநிலத்தில் விழும் பனி உருகி ஆரஞ்சு ஆற்றில் சேர்ந்து, கண்டத்தின் குறுக்கே மேற்கே ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. தொலைக்காட்சியில் வெள்ளை வெளேரென்று காட்டுகிறார்களே, அதில் பெரும்பகுதி டர்பன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத தண்ணீர்.

இரண்டாவது, அளவு. 2024 செப்டம்பர் பனி விழுந்து அடங்கியதும் நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் ஒரு நண்பர் பண்ணைக்குப் போயிருந்தேன். வேலிக்கம்பத்தின் அருகே அளவுகோலைக் குத்தினால் 20 சென்டிமீட்டர். நேர்ச்சுவர் கொண்ட பழைய பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, அழுத்தாமல் அந்த ஆழத்துக்கு வெட்டி எடுத்து, சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் டப்பாவின் அடியில் இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர், அதில் மிதக்கும் புல், ஒரு செத்த வண்டு. அவ்வளவுதான். பொதுவாகப் பத்துக்கு ஒன்று என்பார்கள்: 10 சென்டிமீட்டர் பனி, 1 சென்டிமீட்டர் தண்ணீர். இங்கே விழுவது ஈரப்பனி என்பதால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். முழங்கால் ஆழப் பனி முழுவதும் உருகினாலும் ஒரு நல்ல இடிமழைக்குச் சமம். அதுவும் ஒரே மணியில் வராது. வெயில் வடக்கிலிருந்து விழும் நாடு இது, அதனால் வடக்குச் சரிவுகள் ஓரிரு நாளில் காலியாகும். தெற்குப் பார்த்த ஓடைப் பள்ளங்களில் வாரக்கணக்கில் அழுக்கு வெள்ளையாகக் கிடக்கும். ஐரோப்பா, அமெரிக்கா மாதிரி நான்கைந்து மாதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து வசந்தத்தில் ஒட்டுமொத்தமாகக் கரைகிற பனி இங்கே கிடையாது. அங்கே எழுதப்படும் வெள்ள எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு இங்கே பயப்படுவது, ஊட்டிக் குளிருக்குச் சென்னையில் ஸ்வெட்டர் போடுவது மாதிரி.

மழை பெய்தால் பனி சட்டென்று கரைந்து இரட்டை வெள்ளம் வரும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 டிகிரி வெப்பமுள்ள மழைநீர் 10 மில்லிமீட்டர் பெய்தால், அந்தச் சூடு கரைக்கக்கூடியது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுக்கான பனியைத்தான். உண்மையில் பனியைத் தின்பது ஈரமான வெதுவெதுப்பான காற்று. காற்றிலுள்ள ஆவி பனியின் மேல் படிந்து தண்ணீராகும்போது வெப்பத்தை விடுகிறது. 1 மில்லிமீட்டர் அப்படிப் படிந்தால் ஏழு மடங்குக்கு மேல் கரையும். குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் வியர்க்கிறதே, அதே சங்கதி. ஆகவே பனி விழுந்த மறுநாள் கடலிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று பலமாக வீசி மழையும் சேர்ந்தால், துகேலா, உம்கோமாஸ் கரையில் இருப்பவர்கள் ஆற்றைக் கூடுதலாக ஒரு கண் பார்ப்பது நியாயம். அப்போதும் பெரிய பங்கு மழைக்குத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பனி கண்ணைக் கவர்ந்து மற்றதை மறைத்துவிடுகிறது. 2025 ஜூனில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் நடந்தது நினைவிருக்கும். மலையில் பனி, ஊரெங்கும் பனிப் படங்கள். அதே அமைப்பு கீழே ம்தாதா பகுதியில் கொட்டிய மழையில் இரவோடு இரவாக வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோனது உருகிய பனி அல்ல, மழை.

இனி புயலைப் பின்தொடர்வது. நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் ஒரு பழக்கத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். நம்மூரில் வங்கக் கடலில் ஒரு புள்ளி உருவாகும், அதற்குப் பெயர் வைப்பார்கள், எங்கே எப்போது கரையைக் கடக்கும் என்று எல்லோரும் கோடு போடுவோம். இங்கே குளிர்காலப் புயலுக்குப் பெயர் இல்லை, கண் இல்லை, கரையைக் கடக்கும் நேரம் இல்லை. அது ஒரு ஊர்வலம் மாதிரி. முதலில் சூடான காற்று, பிறகு குளிர்முகப்பு (குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு), பிறகு தெற்கிலிருந்து முதுகைத் தள்ளிக்கொண்டு வரும் உயர் அழுத்தம், மேலே உயரத்தில் தனியாகச் சுற்றும் ஒரு குளிர்க் குட்டை. யார் முன்னே, யார் பின்னே, இடையில் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுழற்சியும் நேர்மாறு: அங்கே தாழ்வு இடஞ்சுழி, இங்கே வலஞ்சுழி. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு அழுத்தம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கிறது என்று பொருள். மாடியில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டலாம், செலவில்லாத கருவி.

ஊர்வலம் மேற்கிலிருந்து வருகிறது, எனவே மேற்கே யார் நனைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெற்கு அட்லாண்டிக்கில் காஃப் தீவு என்ற ஒரு பாறைத்தீவில் தென்னாப்பிரிக்கா 1956-லிருந்து வானிலை நிலையம் நடத்துகிறது. கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். பெரிய குளிர்முகப்பு அங்கே அழுத்தத்தைத் தள்ளிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கேப் டவுனுக்கு வரும். கேப் டவுனைத் தொட்டதிலிருந்து டர்பனுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை நாள். நடுவில் கெபெஹா (பழைய போர்ட் எலிசபெத்), அப்புறம் ஈஸ்ட் லண்டன். ஈஸ்ட் லண்டன் விமான நிலையத்தில் காற்று தென்மேற்காகத் திரும்பி, வெப்பம் பத்து டிகிரி சரிந்தால், எனக்கு எட்டுப் பத்து மணி நேரம் கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். விமான நிலைய அளவீடுகள் மணிக்கு மணி எல்லோருக்கும் கிடைக்கின்றன. அது யாருடைய கணிப்பும் இல்லை, நடந்தது. ஆப் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ஈஸ்ட் லண்டன் பொய் சொல்லாது.

டர்பனில் இதன் முதல் அறிகுறி வெயில். ஆகஸ்ட், செப்டம்பரில் திடீரென்று ஒரு நாள் 33, 35 டிகிரி அடிக்கும், காற்று மலைப்பக்கத்திலிருந்து காய்ந்துபோய் வீசும், துணி அரை மணியில் உலரும், உதடு வெடிக்கும். இதைப் பெர்க் காற்று என்பார்கள். மேட்டுநிலக் காற்று கீழே இறங்கும்போது அழுந்திச் சூடாகிறது, அவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள் "ஆகா, கோடை வந்தாச்சு" என்பார்கள். பழைய ஆட்கள் கூரைத் தகரத்தில் ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் காற்றில் குப்பை கொளுத்துவது பெரும் பாவம். 2017 ஜூன் 7 அன்று கேப் டவுனைப் புயல் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தபோது, அதே அமைப்பின் முன்னால் ஓடிய வறண்ட சூடான காற்றில் கிழக்கே நைஸ்னா ஊர் பற்றி எரிந்தது. ஒரே நாள், ஒரே புயல், ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் தீ.

பிறகு பத்து நிமிடத்தில் காற்று தென்மேற்காகத் திரும்பும். கதவு படாரென்று சாத்தும்போதே தெரிந்துவிடும். பெரும்பாலான குளிர்முகப்புகள் டர்பனில் இத்தோடு சரி: ஒரு காற்று, கொஞ்சம் தூறல், மறுநாள் நீல வானம். குளிர்முகப்பு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் கடைக்கு ஓடி ரொட்டி வாங்கிக் குவிக்க வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று, அதை நான் கற்றுக்கொள்ளவே நான்கைந்து ஆண்டுகள் ஆயின. வீட்டில் அழுத்தமானி வைத்திருக்கிறேன். முள் இறங்கினால் மழை, ஏறினால் வெயில் என்று ஊர்ப் பாடம். இங்கே பெருமழை பெய்துகொண்டிருக்கும்போது முள் ஏறிக்கொண்டே போனது. கருவி கெட்டுவிட்டது என்று தட்டிக்கூடப் பார்த்தேன். கருவி சரி, பாடம்தான் வேறு. குளிர்முகப்பு போனபின் தெற்கே கடலில் உயர் அழுத்தம் வந்து உட்கார்கிறது. அதன் விளிம்பில் சுழலும் காற்று, அகுல்யாஸ் நீரோட்டம் ஓடும் வெதுவெதுப்பான கடலைக் கடந்து, தென்கிழக்கிலிருந்து நேராகக் கரைக்குள் ஈரத்தை ஏற்றுகிறது. கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் ஹில்கிரெஸ்ட் பக்கம் தரை 600 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது, ஈரக்காற்று ஏறித்தான் ஆக வேண்டும். இதே நேரத்தில் உள்நாட்டுக்கு மேலே, 5 கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், மேலைக்காற்று ஓட்டத்திலிருந்து அறுபட்டுத் தனியாகச் சுற்றும் குளிர்த் தாழ்வு ஒன்று நின்றால், அது கீழேயிருந்து அந்த ஈரத்தை உறிஞ்சி இழுக்கிறது. இதைத்தான் கட்-ஆஃப் லோ என்கிறார்கள். ஓட்டத்திலிருந்து அறுந்ததால் அதற்கு அவசரம் இல்லை. சந்தையில் கயிறு அறுத்துக்கொண்ட மாடு மாதிரி நின்ற இடத்தில் நிற்கும், நினைத்தால் பின்னாலும் போகும்.

1987 செப்டம்பர் கடைசி வாரத்தில், டர்பன் இருக்கும் நடால் மாகாணத்தை மூழ்கடித்தது இப்படியொரு அமைப்புதான். கிட்டத்தட்ட 400 பேர் இறந்தார்கள். துகேலாவின் குறுக்கே இருந்த ஜான் ராஸ் பாலம் அடித்துக்கொண்டு போனது. 2022 ஏப்ரல் 11, 12-இல் டர்பனுக்கு நேர்ந்ததும் அதே வகை. வர்ஜினியா விமானத்தளத்தில் 24 மணி நேரத்தில் 304 மில்லிமீட்டர், நம்மூர்க் கணக்கில் 30 சென்டிமீட்டர். இறந்தவர்கள் 430-க்கு மேல். இலையுதிர் காலமும் வசந்தத் தொடக்கமும்தான் கட்-ஆஃப் லோவுக்குப் பிடித்த பருவம், எனவே செப்டம்பரில் அந்தச் சொல் காதில் விழுந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். மலையில் கனத்த பனியைத் தருவதும் பெரும்பாலும் இதே ஆசாமிதான். ஆகவே பனி உங்களுக்கு ஆபத்து இல்லை என்றாலும், பனிச் செய்தி ஒரு துப்பு: அவ்வளவு குளிரை உள்நாட்டுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியது எது என்று கேளுங்கள்.

இப்போது 80-ஆ 12-ஆ என்ற உங்கள் சந்தேகம். இரண்டு ஆப்பும் வெவ்வேறு மாடலை, அதாவது கணினி போடும் வானிலைக் கணக்கை, காட்டுகின்றன. ஒன்று அமெரிக்க ஜி.எஃப்.எஸ். ஆக இருக்கும், இன்னொன்று ஐரோப்பிய மாடலாக இருக்கும். எந்த ஆப்பில் எது என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்-ஆஃப் லோ இருக்கும்போது அது 150 கிலோமீட்டர் தள்ளி நின்றால்கூட டர்பனின் மழை எண் தலைகீழாக மாறிவிடும், அதனால்தான் 80-ம் 12-ம். எது சரி என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். ஐந்து நாள் முன்னால் இரண்டுமே "தெரியவில்லை" என்பதை வெவ்வேறு குரலில் சொல்கின்றன. இதற்குத்தான் ஐரோப்பிய மையம் ஒரே கணிப்பைத் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டுகிறது. ஐம்பதில் நாற்பது பெருமழை காட்டினால் நம்பலாம். ஏழெட்டு மட்டும் காட்டினால் குடையை வண்டியில் போட்டுவைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். வானிலை வரைபடங்களைக் காட்டும் தளங்களில் இந்த ஓட்டங்களின் கோடுகள் கிடைக்கும். கோடுகள் சிதறிய நூல்கண்டு மாதிரி இருந்தால் நாளைக்கு வாருங்கள் என்று அர்த்தம்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஐந்து நாள் முன்னால் மழை எண்ணையே பார்ப்பதில்லை. உயரத்துத் தாழ்வு அறுந்து நிற்கிறதா, தெற்கே உயர் அழுத்தம் வருகிறதா, இரண்டும் ஒரே நாளில் சேர்கிறதா என்று மட்டும். மூன்று நாள் முன்னால் காலையும் மாலையும் ஒரு முறை, முந்தைய ஓட்டத்தோடு ஒப்பிடுவேன். எண்ணைவிட எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே செய்தி. நான்கு ஓட்டங்களாகக் கூடிக்கொண்டே போனால் எனக்குப் பிடிப்பதில்லை. நள்ளிரவு ஓட்டம் காலைக் காப்பி நேரத்துக்கு வந்துவிடும், நடுப்பகல் ஓட்டம் இரவுச் சாப்பாட்டுக்கு வரும். இடையில் ஆப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கடைசி நாளில் மாடலை மூடிவிட்டு, செயற்கைக்கோள் படமும் ரேடாரும் ஈஸ்ட் லண்டனும்.

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும், கூடவே 1 முதல் 10 வரை ஓர் எண். பலரும் இதை மழையின் அளவு என்று நினைக்கிறார்கள். இல்லை. என்ன பாதிப்பு நேரலாம், அது நேர எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் சேர்த்த எண் அது. அதனால் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண்ணில் 50 மில்லிமீட்டருக்கு ஆரஞ்சு வரலாம், காய்ந்த நிலத்தில் அதே 50-க்கு மஞ்சளோடு நிற்கலாம். 5, 6 என்று ஆரஞ்சு வந்தாலே நான் பயணத்தை மாற்றுவேன். 9 வரும்வரை காத்திருப்பது எதற்கு? எச்சரிக்கையில் எந்த நகராட்சி, எந்த மணி முதல் எந்த மணி வரை என்று எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் படம் மட்டும் வெட்டி அனுப்புகிறார்களே, அதில் முதலில் காணாமல் போவது இந்த வரிதான்.

காற்றைப் பற்றி அதிகம் இல்லை. வரைபடத்தில் காற்றின் வேகம் நாட் என்ற அலகில் இருந்தால் இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்தால் கிலோமீட்டர். சராசரியை விட்டுவிட்டு, திடீரென்று அடிக்கும் வீச்சைப் பாருங்கள். கூரையைப் பிடுங்குவது வீச்சுதான்.

உங்கள் வீடு. உம்கேனிக் கரை என்றதும் எனக்கு 1917 அக்டோபர் 28 நினைவுக்கு வருகிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் தகரக் குடிசைகளில் நம் மக்கள் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இடத்தில் ஆறு கரை மீறியது. மாரிமுத்து படவட்டானும் கூட்டாளிகளும், மொத்தம் ஆறு மீனவர்கள், படகை இழுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வெள்ளத்துக்குள் போய் 176 பேரை மீட்டார்கள். படவட்டான் என்ற பெயருக்குள் ஒரு படவு ஒலிக்கிறதே என்று எனக்கு எப்போதும் தோன்றும். அப்போது மேலே மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், இனாண்டா அணைகள் கிடையாது. இப்போது உண்டு. ஆனால் அணை நிறைந்திருந்தால் அது வெள்ளத்தைத் தாங்கும் திறன் குறைவு, எனவே புயலுக்கு முந்தின வாரம் நீர்த்துறை வெளியிடும் அணை நிலவரத்தில் இனாண்டா எத்தனை சதவீதம் என்று ஒரு பார்வை. குளிர்காலக் கடைசியில் பொதுவாகக் கொஞ்சம் இடம் இருக்கும், அது நமக்கு நல்லது.

பெரிய ஆற்றைவிட எனக்குப் பயம் அதில் வந்து சேரும் சிற்றாறுகள் மேல். பால்மியட் மாதிரி ஓடைகள் மலைச்சரிவில் கான்கிரீட் நகரத்திலிருந்து இறங்குகின்றன. மேலே கொட்டிய மழை கீழே வர ஒரு மணி, இரண்டு மணி போதும். அந்த ஓடைக்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப்பகுதியில் நகராட்சி, பல்கலைக்கழக ஆட்கள், குடியிருப்பவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. 2022-இல் அதன் வழியாக முன்கூட்டியே ஆட்களை வெளியேற்றினார்கள். உங்கள் தெருவிலும் மேல்மேட்டில் இருக்கும் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். மேலே பைன்டவுன் பக்கம் சாக்கடை பொங்குகிறது என்று ஒரு செய்தி வந்தால் அதுதான் உங்களுக்கு எச்சரிக்கை. வாசலில் நேர்ச்சுவருள்ள ஒரு டப்பாவை வைத்து அளவுகோலால் மணிக்கு ஒரு முறை பாருங்கள். மண் ஊறியபின் மணிக்கு 20 மில்லிமீட்டர் இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் நான் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துவேன், தாமதமாகத் தூங்கும் ஒருவரை வீட்டில் காவல் வைப்பேன். இது என் சொந்த அளவுகோல், எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கடைசியாக அண்ணன். ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெயில் அடித்தாலும் நடுவில் வான் ரீனன் கணவாய் 1,680 மீட்டரில் மலைச்சுவரின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈரக்காற்று முதலில் மோதுவது அங்கேதான். ஆப்பில் சுழி டிகிரி உயரம் என்று ஒரு வரி இருக்கும். பனி அந்த உயரத்துக்கு ஏறக்குறைய 300 மீட்டர் கீழே வரை கரையாமல் இறங்கும். சுழி உயரம் 2,000 என்று காட்டினால் கணவாயில் பனி என்று கணக்குப் போடுங்கள். 2,800 என்றால் லெசோதோவுக்கு ஏறும் சானி கணவாய்க்காரர்கள் கவலைப்படட்டும், அண்ணன் வரும் என்3 சாலைக்கு மழைதான்.

2024 செப்டம்பர் 21 புரட்டாசிச் சனிக்கிழமை. வெள்ளி இரவு தொடங்கிய பனியில் என்3 அடைபட்டு, நூற்றுக்கணக்கான வண்டிகள் இரவெல்லாம் அங்கேயே நின்றன. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பெருமாள் பூஜைக்கென்று இரண்டு அடுக்குப் புளியோதரையோடு வந்துகொண்டிருந்தது. கணவாய்க்கு முந்தின ஊரான ஹாரிஸ்மித்தைத் தாண்டி நின்றவர்கள், சனி மதியம் வரை அந்தப் புளியோதரையை முன்னும் பின்னும் நின்ற லாரி ஓட்டுநர்களோடு பகிர்ந்து சாப்பிட்டார்களாம். இஞ்சினை ஓட்டிக்கொண்டே ஹீட்டர் போட்டு டீசல் தீர்ந்தவர்கள் நிலைமைதான் மோசம். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் இஞ்சினை ஓட்டவே கூடாது, புகை உள்ளே வரும்.

பனி நின்றபின்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். பகலில் சாலையோரப் பனி உருகித் தாரின் மேல் ஓடும். ராத்திரி அது கண்ணாடி மாதிரி உறையும், கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட பனியுருகல் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது இங்கேதான். அதனால் விடியலில் கிளம்பும் நம் பழக்கம் அன்றைக்கு வேண்டாம், கணவாயைப் பதினோரு மணிக்கு மேல் கடக்கட்டும். ஆர்74 என்ற மாற்றுச் சாலை வழியாகச் சுற்றி வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம், அதுவும் அதே மலைச்சுவரைத்தான் இறங்குகிறது.

ஹாரிஸ்மித்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, ஒரு காப்பி குடித்தபடி டர்பன் பக்கமிருந்து வரும் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சாலையில் லாரி இல்லாத நிமிடமே கிடையாது. ஐந்து நிமிடம் எதிரே ஒரு லாரிகூட வரவில்லை என்றால் கணவாய் மூடியிருக்கிறது. எந்த ஆப்பும் அதற்கு முன்னால் சொல்லியிருக்காது.